அவையும் ஆபாசமும்: திருகோணமலைத் துறைமுகத்தை முன்னிறுத்திய ஒரு நோக்கு

பழந்தமிழ் இலக்கண நூலார் 'ஆபாசம்' என்னும் சொல்லை ஆண்டாரல்லர். அவர்கள் அறிந்தது 'அவையல் கிளவி'யே. அவையின்கண் சொல்லத்தகாத சொல்லை மறைத்துச் சொல்லுதல் வேண்டும் என்பது தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வகுத்த விதி. பிற்காலத்து நன்னூலார் இதனை இடக்கரடக்கல் எனப் பெயரிட்டு, மங்கலம், குழூஉக்குறி என்பவற்றோடு சேர்த்துத் தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்றாக அமைத்தார். இவ்விதியை ஊன்றி நோக்குவார்க்கு ஓருண்மை புலனாகும். இலக்கணகாரர் பொருளைப் பழித்தாரல்லர். அப்பொருளைப் பேசுவாரைத் தண்டிக்கச் சொன்னாருமல்லர். சொல்லும் அது சொல்லப்படும் இடமும் ஒன்றோடொன்று பொருந்தாமையையே அவர்கள் குற்றமாகக் கொண்டனர். மருத்துவன்முன் ஒளியாது கூறவேண்டிய சொல் மணப்பந்தரிற் கூறத்தகாததாகின்றது. சொல் மாறவில்லை, அவை மாறிற்று.

இவ்விதி நுண்ணியது, எனினும் அது விடை கூறாது விட்ட வினா ஒன்றுண்டு. அவை என்பது யாது? அதன்கண் அமர்ந்திருப்போர் யாவர்? அவையின் நாணத்தைக் காக்கவேண்டும் என்று கூறும்போது, அவையின் புறத்தே நிற்பவர் நிலை என்ன? ஆபாசம் பற்றி இலங்கையில் நிலவிவந்த சட்டங்களையும் அவற்றையொட்டி எழுந்த இலக்கியக் கண்டனங்களையும் இவ்வினாவைக் கொண்டே அளந்து பார்த்தல் தகும். அவ்வாறு அளக்குமிடத்து, இரு வேறு பொருள்கள் ஒரே சாக்கில் இட்டுக் கட்டப்பட்டிருத்தல் தெரியவரும். ஒன்று உடலைப் பற்றிய பேச்சு; மற்றொன்று உடலை விலைப்படுத்தும் வணிகம். முதலாவதைக் கண்டு சட்டம் நாணியது. இரண்டாவதைக் கண்டபோதும் அது நாணியதேயன்றி, விற்கப்பட்டவள் யார், அவளை விற்றவர் யார், அவள் இசைந்தாளா என்று கேட்டது மிகக் குறைவு.

இதனைக் காண்பதற்குத் திருகோணமலைத் துறைமுகத்தினும் ஏற்ற இடம் ஈழத்தில் இன்னொன்று இருத்தல் அரிது. 1795ஆம் ஆண்டில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிய இத்துறைமுகம், 1957ஆம் ஆண்டு ஒக்டோபரில் இலங்கை அரசிடம் கையளிக்கப்படும்வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாக விளங்கிற்று. சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள் அக்கடற்படையின் தேவைக்கென எழுந்தவை. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இங்குக் குண்டுவீசின. 1944ஆம் ஆண்டின் தொடக்கத்திற் கீழைக் கடற்படையின் தலைமையிடம் மீண்டும் இங்கு வந்து சேர்ந்தது. பின்னர் இலங்கைக் கடற்படையின் தளமாகவும், போர்க்காலத்திற் படைநகராகவும், 2009இற்குப் பின்னர் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளை நாடிவரும் உல்லாசப் பயணிகளின் வாயிலாகவும் இந்நகர் மாறிமாறி உருக்கொண்டுள்ளது.

இவ்வுருவங்கள் பலவாயினும் அவற்றின் பொருளியல் அடிப்படை ஒன்றே. குடும்பத்தைப் பிரிந்து வந்து நிற்கும் ஆடவர் தொகுதி ஒருபுறம். அவர்கள் கையிற் சம்பளநாளில் வந்துசேரும் பணம். அப்பணத்தை எதிர்பார்த்துச் சலவைத் தொழிலும் சாராயக் கடையும் தங்குமிடமும் நடத்தி வாழும் நகரம் மறுபுறம். உலகின் எத்துறைமுகத்திலும் இவ்வமைப்பின் ஒரு மூலையில் உடல் வணிகமும் நிகழ்ந்தே வந்துள்ளது. அதனை நகரத்தாரின் ஒழுக்கக் குறைவாக மட்டும் விளக்குதல் போதாது. கப்பலைக் கொணர்ந்து நிறுத்திய ஆட்சியே அவ்வணிகத்திற்கான வாடிக்கையாளரையும் கொணர்ந்து நிறுத்திற்று என்பதே வரலாற்று நோக்கிற் பொருந்துவதாகும்.

அவ்வாட்சி இயற்றிய சட்டங்கள் என்ன கூறின? 1841ஆம் ஆண்டின் அலைந்துதிரிவோர் கட்டளைச் சட்டம் பொதுவிடத்தில் ஒழுங்கீனமாகவோ இழிவாகவோ நடந்துகொள்ளும் 'பொது விலைமாதை'த் தண்டனைக்குரியவள் ஆக்கிற்று. பிச்சைக்காரர், இருப்பிடமற்றோர், ஐயத்திற்கிடமாகத் திரிவோர் என்பவர்களோடு ஒரே வரிசையில் அவளும் நிறுத்தப்பட்டாள். 1889ஆம் ஆண்டின் விபசார விடுதிகள் கட்டளைச் சட்டம் விடுதி நடத்துவோரைக் குற்றவாளியாக்கிற்று. 1907ஆம் ஆண்டின் தடுத்துவைப்பு இல்லங்கள் பற்றிய கட்டளைச் சட்டம் அலைந்துதிரிவோரை அடைத்துவைக்க இல்லங்களை வகுத்தது. இவை மூன்றும் குடியேற்ற ஆட்சி நீங்கிய பின்னரும் சட்டப் புத்தகத்தில் நிலைபெற்றன.

இங்கு ஒரு செய்தி மனங்கொள்ளத்தக்கது. இலங்கைச் சட்டத்தில் ஒருவர் தம் உடலை விலைக்குத் தருதல் தன்னளவிற் குற்றமாக்கப்படவில்லை. பொதுவிடத்தில் நின்று அழைப்பதும், விடுதி நடத்துவதும், பிறரை அத்தொழிலில் ஈடுபடுத்துவதும், அவ்வருவாயில் வாழ்வதுமே குற்றங்கள். அழைப்பது குற்றம் என்னும் பிரிவு, சொல்லளவில் ஆண், பெண் இருபாலாருக்கும் பொருந்துவதாகவே எழுதப்பட்டுள்ளது. ஆயினும் நடைமுறையில் வீதியிற் பிடிபட்டு நீதவான்முன் நிறுத்தப்படுபவள் பெரும்பாலும் பெண்ணே. அவள் பையில் இருந்த ஆணுறையே அவளுக்கு எதிரான சான்றாகக் காட்டப்படுவதுபற்றிப் பெண்கள் அமைப்புகள் முறையிட்டுள்ளன. விலை கொடுத்தவன் சாட்சியாகவும் வருவதில்லை. சட்டம் கண்டு பொறுக்கமாட்டாதது வணிகத்தையன்று, அது கண்ணிற் படுவதையே என்பது இதனாற் பெறப்படும். வீதியில் நில்லாதே, மறைவிற் செல் என்பதே அச்சட்டம் அப்பெண்ணுக்குக் கூறிய ஒழுக்கம். இடக்கரடக்கல் சொல்லைவிட்டு ஆளின்மேற் பாய்ந்தது போலும்!

பிரித்தானியத் துறைமுகங்களின் வரலாறு இதனை இன்னும் தெளிவுபடுத்தும். 1864ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட தொற்றுநோய்ச் சட்டம், போட்ஸ்மத், பிளிமத் போன்ற படைநகர்களில் விலைமாதர் என ஐயுறப்பட்ட பெண்களைப் பலவந்தமாக உடற்பரிசோதனைக்கு உட்படுத்த இடமளித்தது. மாலுமியின் நலன் காக்கவே இச்சட்டம் எழுந்தது. ஆனால் மாலுமி பரிசோதிக்கப்படவில்லை. இலங்கையிலும் 1867இல் இதனையொத்த கட்டளைச் சட்டம் பிறந்தது. யோசபின் பட்லர் என்னும் பெண்மணியின் தலைமையில் எழுந்த நெடிய போராட்டத்தின் பயனாக இங்கிலாந்துச் சட்டம் 1886இல் நீக்கப்பட்டது. நோய் இருவர்க்கும் பொது, பரிசோதனை ஒருத்திக்கே. இவ்வொருபுறச் சாய்வே பின்வந்த ஒழுக்கச் சட்டங்கள் பலவற்றின் உள்ளுறையாகும்.

உடலைப் பற்றிய சட்டம் இவ்வாறிருக்க, உடல் பற்றிய நூல்களைக் குறித்த சட்டமும் அதே காலத்தில் அதே நாட்டிலேயே உருப்பெற்றது. இங்கிலாந்தின் ஆபாச வெளியீடுகள் சட்டம் 1857ஆம் ஆண்டுக்குரியது. எது ஆபாசம் என்னும் வினாவிற்கு 1868ஆம் ஆண்டில் ஹிக்ளின் வழக்கில் பிரதம நீதியரசர் கொக்பேண் ஓர் அளவுகோலைத் தந்தார். தீய செல்வாக்குக்கு இடங்கொடுக்கும் உள்ளமுடையோர் கைக்கு ஒரு நூல் எட்டுமாயின், அவ்வுள்ளத்தைக் கெடுக்கும் போக்கு அந்நூலுக்கு உண்டா என்பதே அவ்வளவுகோல். அவ்வழக்கிற்கு உள்ளான வெளியீடு காமக் களிப்புக்கென எழுதப்பட்டதன்று. கத்தோலிக்க பாவசங்கீர்த்தன முறையைத் தாக்கி எழுதப்பட்ட சமயக் கண்டனத் துண்டுப்பிரசுரமே அது என்பது பலரும் கவனியாத செய்தி. ஆபாசச் சட்டம் தன் இளமையிலேயே சமயச் சச்சரவுக்குக் கருவியாகத் தகுந்ததாயிருந்தது.

தொல்காப்பியர் விதியையும் ஹிக்ளின் அளவுகோலையும் ஒப்புநோக்குதல் பயனுடைத்து. முன்னது பேசுவோனை நோக்கிக் கூறப்பட்டது; அவன் அவையறிந்து தன் சொல்லைத் தானே திருத்திக்கொள்வான். பின்னது கேட்போனை நோக்கியது. அதுவும் கேட்போருள் மிக மெலிந்த உள்ளத்தானை நோக்கியது. அவையில் நூறு பேர் தேர்ந்த அறிவினராயினும், வாயிலில் எட்டிப்பார்க்கும் ஒருவன் கெட்டுவிடக்கூடும் எனில் நூல் முழுதும் குற்றமாம். இவ்வளவுகோலின்படி எந்நூலும் தப்புதல் அரிது. நம் சங்க அகப்பாடல்களும், திருக்குறளின் மூன்றாம் பாலும், கோயிற் கோபுரத்துச் சுதைச் சிற்பங்களும் அந்நீதிமன்றத்தின் கருணையினாலேயே உயிர்பிழைக்க வேண்டியிருந்திருக்கும்.

இலங்கையில் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை ஆபாச நூல் விற்பனையைக் குற்றமாக்கிற்று. 1923இல் ஜெனிவாவில் நிறைவேறிய சர்வதேச உடன்படிக்கையின் சாயலில் 1927ஆம் ஆண்டில் ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 1983இல் அது திருத்தப்பட்டது. எழுத்து, ஓவியம், புகைப்படம், திரைப்படம் எனப் பொருள்களை நிரல்பட எண்ணிச் செல்லும் அச்சட்டம், அவற்றுக்கெல்லாம் அடையாக நிற்கும் 'ஆபாசமான' என்னும் சொல்லுக்கு வரைவிலக்கணம் தந்ததில்லை. சட்டத்தின் உயிர்நிலையே வெற்றிடமாக விடப்பட்டது. அவ்வெற்றிடத்தை நிரப்புவோர் பொலிஸ் உத்தியோகத்தரும், அமைச்சரும், சினங்கொண்ட கூட்டத்தாரும் ஆவர்.

இந்தியாவில் இவ்வளவுகோல் பட்ட பாடு அறியத்தக்கது. இந்திய உச்ச நீதிமன்றம் 1964இல் டி. எச். லோறன்சின் நாவல் தொடர்பான வழக்கில் ஹிக்ளின் அளவுகோலைச் சிறிது மாற்றித் தழுவிக்கொண்டது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2014இலேயே அதனைக் கைவிட்டுச் சமகாலச் சமுதாயத்தின் அளவையை மேற்கொண்டது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலைத் தடைசெய்யக் கோரியோரின் வாதத்தை 2016 யூலையிற் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்க மறுத்து, விரும்பாதவர் நூலை மூடிவைக்கலாம் என்னும் கருத்துப்பட எழுத்தாளனின் உரிமையை நிலைநாட்டிற்று. இலங்கையிலோ இதற்கு நிகரான தெளிவு வந்து வாய்க்கவில்லை. அசோக ஹந்தகமவின் 'அக்ஷரய' என்னும் சிங்களத் திரைப்படம் 2006இல் தடைக்குள்ளாயிற்று. 2019இல் சக்திக சத்குமார என்னும் சிங்கள எழுத்தாளர் துறவிகளிடையான பாலுறவைத் தொட்டுச்சென்ற ஒரு சிறுகதைக்காகச் சிறையில் நான்கு மாதத்திற்கு மேல் இருக்க நேர்ந்தது. அவர்மேல் ஏவப்பட்டது ஆபாசச் சட்டமன்று. சமயப் பகைமையைத் தூண்டுவதைத் தடுக்க எழுந்த 2007ஆம் ஆண்டுச் சட்டமே. ஆயுதம் மாறினும் அவையின் சினம் மாறவில்லை.

எழுத்தை இவ்வாறு துரத்திய சட்டம், காமக் காட்சி வணிகத்தை எவ்வாறு எதிர்கொண்டது என்பதை அடுத்து நோக்குதல் வேண்டும். 2009ஆம் ஆண்டு முதல் நீதிமன்ற ஆணையின் பேரில் இணையத்தளங்கள் பல இலங்கையில் மறிக்கப்பட்டன. 2010ஆம் ஆண்டில் நிகழ்ந்தது குறிப்பிடத்தக்கது. அத்தகைய தளங்களிற் காணப்பட்ட உள்நாட்டவர் பலரின் முகங்களைப் பத்திரிகைகளில் வெளியிட்டு, அவர்களை அடையாளங்காட்டுமாறு பொலிசார் பொதுமக்களைக் கோரினர். அவர்களுள் யார் பணத்துக்காக நடித்தவர், யார் காதலனால் வஞ்சிக்கப்பட்டவர், யாருடைய படம் அவர் அறியாமலே எடுக்கப்பட்டது என்பதெல்லாம் ஆராயப்படுமுன்னரே அம்முகங்கள் தேநீர்க்கடை மேசைகளுக்கு வந்துவிட்டன. மறைவான ஒரு திரையில் ஆயிரம் பேர் கண்ட முகத்தை நாடு முழுதும் காணச் செய்தது ஒழுக்கம் காக்கும் நடவடிக்கையே என்பது எத்துணை முரண்! ஆபாசத்தின் பொருள் தகாதவிடத்து வெளிப்படுத்தல் எனில், அன்று வெளிப்படுத்தியவர் யார் என்னும் வினா எஞ்சிநிற்கின்றது.

2021ஆம் ஆண்டில், பெலிஹுல் ஓயாவுக்கு அண்மையிலுள்ள பஹந்துடாவ நீர்வீழ்ச்சியடியில் எடுக்கப்பட்ட ஒரு காணொளிக்காக ஓர் ஆணும் பெண்ணும் கைதாயினர். பொது இடத்தைப் பயன்படுத்தியமை கண்டிக்கத்தக்கதே. அங்கு நீராட வருவோர்க்கும் சிறுவர்க்கும் அவ்விடத்தில் உரிமையுண்டு. ஆனால் அக்காணொளியை ஏந்திநின்று விளம்பரப் பணம் ஈட்டும் தளங்கள் கடல்கடந்த நாடுகளிற் சட்டபூர்வமான கம்பனிகளாகப் பதியப்பட்டவை. கையில் அகப்பட்டவர் இருவர், கைக்கெட்டாதது வணிகம். துறைமுக வீதியில் அழைத்தவளைப் பிடித்துக் கப்பலை விட்டுவிட்ட 1841ஆம் ஆண்டின் பழக்கம், இணையத்தின் காலத்திலும் தன் உருவை மாற்றிக்கொண்டு தொடர்கின்றது எனலாம்.

சட்டத்தின் அவையை விடுத்து இலக்கிய அவைக்கு வருமிடத்தும் திருகோணமலைக்குத் தனியிடமுண்டு. ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்க முயற்சிகளுள் இரண்டு இம்மண்ணின் மைந்தருக்குரியவை. இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை' 1891இலும், தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' 1895இலும் வெளிவந்தன. சரவணமுத்துப்பிள்ளை அதற்கு முன்னரே, 1892இல், 'தத்தைவிடு தூது' என்னும் செய்யுள் நூலை வெளியிட்டிருந்தார். தூது என்னும் பிரபந்த வகையின் வரலாற்றை அறிந்தோர்க்கு இதன் சிறப்பு எளிதில் விளங்கும். நாயக்கர் காலத்தின் இறுதியிலும் அதன் பின்னரும் எழுந்த விறலிவிடு தூது நூல்கள், சிற்றரசரையும் நிலவுடைமையாளரையும் மகிழ்விக்கும் காமக் களியாட்டத்தின் விவரணங்களாகி, பெண்ணை வஞ்சகியாகவும் பண்டமாகவும் காட்டின. அதே வடிவத்தைக் கையேற்ற திருகோணமலைப் புலவர், பெண்ணின் விடுதலையை அதன் பொருளாக்கினார். வடிவம் காமத்துக்குரியதாயினும் அதனுள்ளே பேசுபவள் யார், எதற்காகப் பேசுகின்றாள் என்பதே நூலின் தரத்தை நிச்சயிக்கின்றது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது தஞ்சை அரசவையைச் சார்ந்த முத்துப்பழனி என்னும் தெலுங்குப் பெண்கவி பதினெட்டாம் நூற்றாண்டில் இயற்றிய 'ராதிகா சாந்தவனமு'வின் வரலாறு. பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910இல் அதனை முழுமையாகப் பதிப்பித்தபோது, சென்னை அரசு ஆபாசமெனக் கூறித் தடைசெய்தது. 1947இலேயே தடை நீங்கிற்று. ஆண்கவிகள் பாடிய இதனினும் விரிந்த சிருங்கார நூல்கள் புலவரவையிற் போற்றப்பட, பெண்ணொருத்தி பாடியது மட்டும் குற்றமாவது எங்ஙனம் என்பது நாகரத்தினம்மாளின் வினா. பாடியவளும் பதிப்பித்தவளும் கணிகையர் மரபினர் என்பதையும் சேர்த்து நோக்குமிடத்து, தடைசெய்யப்பட்டது சிருங்காரமா, அன்றி அதனைப் பேச முன்வந்த வாயா என்னும் ஐயம் எழுவது இயல்பே.

ஈழத்து எழுத்துலகில் ஆபாசக் குற்றச்சாட்டுக்குச் சட்டத்தின் துணை பெரிதும் தேவைப்படவில்லை. விமர்சகரே அப்பணியைச் செய்தனர். 1960களின் தொடக்கத்தில் நடந்த மரபுப் போராட்டம் யாவரும் அறிந்தது. மீனவரும் கமக்காரரும் தொழிலாளரும் பேசும் மொழியைக் கதையில் ஆண்ட எழுத்தாளரின் படைப்புகள் 'இழிசனர் இலக்கியம்' எனப் பழிக்கப்பட்டன. மூதூர் மண்ணின் மணத்தைத் தன் சிறுகதைகளிற் கொணர்ந்த வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி' தொகுதி அக்காலத்திலேயே சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. கொட்டியாரக் குடாவின் தோணிக்காரன் தமிழிலக்கிய அவையில் தன் சொல்லோடு அமர உரிமை பெற்றமையே அப்போராட்டத்தின் வெற்றி. இழிசொல் என்னும் பழிக்கும் ஆபாசம் என்னும் பழிக்கும் வேர் ஒன்றே. இரண்டும் சொல்லைப் பழிப்பதுபோல் தோன்றினும், அச்சொல்லுக்குரிய மனிதரையே அவைக்குப் புறத்தே நிறுத்தின.

எனினும் அவ்வெற்றி அரைகுறையானது. எஸ். பொன்னுத்துரையின் 'தீ' 1961இல் வெளிவந்தபோது, சாதி, மொழி என்பவற்றில் மரபை எதிர்த்தோருட் பலரும் பாலுணர்வு என்ற இடத்தில் மரபின் காவலராயினர். நாவல் ஆபாசம் என்பதே அவர் முடிபு. இம்முடிபினால் விளைந்த கேடு இருவகைத்து. பாலுணர்வை மனித வாழ்வின் ஒரு பகுதியாக ஆராயும் முயற்சி முளையிலேயே கிள்ளப்பட்டது என்பது முதலாவது. நாவலின்மேற் சுமத்தப்பட்டிருக்க வேண்டிய உண்மையான குற்றச்சாட்டு எழாமலே போயிற்று என்பது இரண்டாவது. 'தீ' ஓர் ஆணின் பாலியல் வரலாறு. அவன் வாழ்விற் பெண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்துபோகின்றனர். அவர்களின் மனம் அவன் பார்வையினூடாகவே வாசகனை எட்டுகின்றது. உடல் பேசப்பட்டது குறையன்று. பேசப்பட்ட உடலுக்குரியவள் பேசாதிருந்தமையே குறை. இதே ஆசிரியரின் 'சடங்கு' இவ்வகையில் மேம்பட்டது. கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் கணவன் விடுமுறையில் யாழ்ப்பாணத்து வீட்டுக்கு வருகின்றான். கணவன் மனைவியரின் வேட்கை குடும்பத்தின் நெருக்கடிகளுக்கிடையே நிறைவேறாது தவிக்கின்றது. அங்கு மனைவியின் வேட்கையும் மனித வேட்கையாக மதிக்கப்படுகின்றது. ஆபாசம் என்னும் ஒரு சொல்லைக் கொண்டு இரண்டு நாவல்களையும் தள்ளிவிட்ட விமர்சனம் இவ்வேறுபாட்டைக் காணும் கண்ணை இழந்தது.

சங்க அகமரபு இவ்விடயத்திற் பிற்காலத்தினும் துணிவுடையதாயிருந்தது. அங்குப் பரத்தைக்குக் கூற்று உண்டு. அவள் சொற்களாக அமைந்த பாடல் குறுந்தொகையிற் காணப்படுகின்றது. மருதநிலத் தலைவனின் போலிப் பணிவை அவளே எள்ளி நகைக்கின்றாள். இதனைக் கொண்டு அக்காலத்தைப் பொற்காலமெனப் போற்றுதல் வேண்டா. பரத்தைமை நிலவுடைமையாளனின் இன்பத்துக்காக அமைந்த நிறுவனமே. ஆயினும் அவளைப் பாடிய அவை அவள் குரலை மறைக்கவில்லை. துறைமுக நகரைப் பின்னணியாகக் கொண்ட தற்கால ஈழத்து எழுத்திலோ அப்பெண் வழிதவறியவளாகவோ, இரக்கத்துக்குரியவளாகவோ, நகைப்புக்குரியவளாகவோ வந்துபோகின்றாளேயன்றித் தன் கூற்றாகப் பேசும் இடம் மிகச் சிறிது.

இவ்வாறு கூறுமிடத்துத் தக்க மறுப்பு ஒன்று எழும். ஆபாசச் சட்டத்தைத் தளர்த்தினால் வணிகம் கட்டவிழ்ந்து பெருகாதா? கலைச் சுதந்திரத்தின் பேரால் இளைஞர் மனத்தை விலைபேசும் சரக்கு சந்தையை நிரப்பாதா? பெண்ணின் மானமே பண்டமாகாதா? இம்மறுப்பைப் பழமைவாதமெனத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. காமக் காட்சி வணிகம் பெருமளவிற் பெண்ணைப் பண்டமாக்கும் வணிகமே. வறுமையும் கடனும் போரினால் ஏற்பட்ட இழப்பும் ஒருத்தியைச் சூழ்ந்து நிற்குங்கால் அவள் தெரிவிக்கும் இசைவு எத்துணை முழுமையானது என்பது எளிதில் தீர்க்கத்தக்க வினாவன்று. சிறுவரைப் பொறுத்தவரை வினாவே இல்லை. சிறுவரைப் பயன்படுத்தும் ஆபாசப் படைப்புகளைத் தனிக் குற்றமாக்கிய 1995ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் எவ்வாற்றானும் வரவேற்கத்தக்கது.

ஆனால் அத்திருத்தத்தின் தருக்கமே இங்குக் கூறப்பட்ட கருத்துக்கு அரணாகின்றது. அது காண்போனின் நாணத்தைக் கேட்கவில்லை. காட்டப்படும் பிள்ளைக்கு நேர்ந்த தீங்கைக் கேட்டது. இவ்வொரு மாற்றமே போதும், சட்டத்தின் முகம் வேறு திசை நோக்கித் திரும்புவதற்கு. வளர்ந்தோர் தொடர்பிலும், யார் வற்புறுத்தப்பட்டார், யார் ஏமாற்றப்பட்டார், யாருடைய படம் அவர் இசைவின்றிப் பரப்பப்பட்டது, வருவாய் யார் கைக்குப் போயிற்று என்று சட்டம் கேட்குமாயின், அது வணிகத்தின் தலையைத் தொடும். அவ்வாறன்றிப் பார்த்தவர் முகஞ்சுளித்தாரா என்று மட்டும் கேட்குமாயின், அது வணிகத்தின் காலடியில் மிதிபட்டவரையே மீண்டும் மிதிக்கும். வழியில் ஓர் எழுத்தாளனையும் ஒரு திரைப்படக் கலைஞனையும் சேர்த்து மிதிக்கும். எழுத்தைப் பொறுத்தவரை தொல்காப்பியரின் விதியே போதுமானது. அவையறிதல் எழுத்தாளனின் கடமை. அதனை மதிப்பிடுதல் வாசகனதும் விமர்சகனதும் உரிமை. அதனைச் சிறைச்சாலையிடம் ஒப்படைத்தல் முறையன்று.

துறைமுக நகர் ஒன்றில் தொடங்கிய ஆய்வைப் பிறிதொரு துறைமுக நகரில் முடித்தல் பொருத்தமாகும். யவனரும் பிறரும் கலந்துறைந்த காவிரிப்பூம்பட்டினத்தின் வீதியிலேதான் மாதவியின் மாலை விலைகூறப்பட்டது. ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் என விலையையும் இளங்கோவடிகள் மறையாது குறித்தார். விற்பவர் கூறும் விலை, வாங்குபவன் பெயர், விற்கப்படுபவளின் கலைத்திறன் மூன்றும் காப்பியத்தில் உள. நம் காலத்துச் சட்டங்கள் மறைத்த வாங்குவோனின் பெயரை அக்காப்பியம் தன் தலைவனின் பெயராகவே வைத்திருத்தல் சிந்திக்கத்தக்கது. மாதவி கோவலனை இழந்தபின் தன் மகளைக் கணிகையர் தொழிலுக்கு அனுப்ப மறுத்தாள். அம்மகளைப் பழைய தொழிலுக்கு இழுக்கப் பாட்டி சித்திராபதியும், அவளை அடைய அரசகுமாரனும் முயன்றனர். அவள் வளைந்தாளல்லள்.

மணிமேகலை அரசனிடம் வேண்டிப் பெற்ற வரம் யாது? தன்னை விரும்பியவனுக்குத் தண்டனையும் அன்று. தன் குலத்துப் பெண்களைப் பழிப்பவர்க்குத் தடையும் அன்று. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றவேண்டும் என்பதே அவள் கேட்டது. அடைபட்டிருந்தோர் வெளிவந்தனர், அவ்விடத்திற் பசித்தோர்க்கு உணவு கிடைத்தது. விலைக்குரியவளாகக் கருதப்பட்ட ஒருத்தியின் மகள், அவையின் நடுவே வந்து, தன் வாயாற் பேசிப் பெற்ற தீர்ப்பு அது. அலைந்துதிரிவோர் சட்டத்தையும் தடுத்துவைப்பு இல்லத்தையும் இத்தீர்ப்பின் அருகே வைத்து நோக்குவார்க்கு, ஈராயிரம் ஆண்டு மரபைக் காப்பதாகக் கூறிக்கொள்ளும் சட்டம் அம்மரபின் சிறந்த பகுதியைப் படிக்காமலே விட்டது என்பது தெளிவாகும். துறைமுக வீதியில் நிற்பவளை அவையின் உள்ளே அழைத்து அவள் கூற்றைக் கேட்கும் நாளிலேயே, ஆபாசம் எது என்பதைத் தீர்மானிக்கும் தகுதி அவ்வவைக்கு உண்டாகும்.